"பழைய ஆஸ்பத்திரியை ஏன் விடுறீங்க டாக்டர்?"

இன்டர்வியூவில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலால ஒரு வேலை போச்சு. வேற மாதிரி சொன்னதால இன்னொரு வேலை கிடைச்சது. ரெண்டு பதிலுமே உண்மைதான் மக்களே. வேலை மாறலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக இந்த இழை.

எம்.டி. முடிச்சு முதல்ல சேர்ந்தது ஒரு தனியார் மருத்துவமனை. பேர் வேண்டாம். காலை ஓ.பி.யில் 80 பேர். ஆளுக்கு மூணு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். மாசக் கடைசி மீட்டிங்ல "அட்மிஷன் ஏன் சார் குறைஞ்சிருக்கு?"ன்னு கேப்பாங்க.

ஆட்டோ ஓட்டுற ஒரு அண்ணன் சர்க்கரைக்கு என்கிட்டதான் வருவார். ஹெச்.பி.ஏ.1சி பார்ப்பேன், மாத்திரையை மாத்தி எழுதுவேன், அனுப்பிடுவேன். செருப்பைக் கழட்டச் சொல்லி காலைப் பார்த்ததே இல்ல. பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு தெரிஞ்சுக்க பெரிய மெஷின் எதுவும் வேணாம். 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழை, அது வளையுற அளவுக்கு பாதத்துல அழுத்தி "தெரியுதா?"ன்னு கேட்கணும். அவ்வளவுதான். அதை நான் செய்யல. ஒருநாள் கட்டைவிரல் கறுத்துப்போய் வந்தார். "ஆணி குத்தினதே தெரியல சார்." விரலை எடுக்க வேண்டியதாச்சு.

அன்னைக்கு ராத்திரியே வேலை தேட ஆரம்பிச்சேன்.

முதல் இன்டர்வியூ. கேள்வி வந்ததும் கொட்டித் தீர்த்தேன். மேனேஜ்மென்ட் சரியில்ல, டார்கெட் வைக்கிறாங்க, சம்பளம் இழுத்தடிக்கிறாங்கன்னு கால் மணி நேரம். எதிர்ல இருந்த சீனியர் பொறுமையா கேட்டுட்டு ஃபைலை மூடினார். "தம்பி, நாளைக்கு எங்களைப் பத்தியும் இப்படித்தான் வெளியில சொல்லுவீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. வீட்டுக்குப் போற பஸ்ல யோசிச்சப்பதான் ஒண்ணு உறைச்சது. அந்தக் கால் மணி நேரத்துல அந்த அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை கூட நான் பேசல.

ரெண்டாவது இடத்துல அதை மட்டும் சொன்னேன். அவர் பேரைச் சொல்லல, ஆஸ்பத்திரியையும் திட்டல. "நான் பார்த்திருக்கணும் சார், பார்க்கல. கால் பார்க்க நேரம் கிடைக்கிற இடம் வேணும். வாரத்துல ஒருநாள் பாத கிளினிக் நடத்த விடுவீங்களா?" தப்பை ஒத்துக்கிட்டா வேலை கிடைக்குமான்னு பயமாத்தான் இருந்துச்சு. அவங்க கேட்டது "எந்தக் கிழமை வசதி?"

இப்போ நான் மேசைக்கு அந்தப் பக்கம். போன மாசம் டூட்டி டாக்டர் வேலைக்கு ஒரு தங்கச்சி வந்திருந்தாங்க. ஏன் மாறுறீங்கன்னேன். "ஃபேமிலி ரீசன் சார்." இப்படித்தான் பாதிப் பேர் சொல்றாங்க. பொய்னு நமக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். டாக்டருங்க உலகம் சின்னது, ஒரு போன் போட்டா விஷயம் வந்துடும்.

"பரவாயில்ல, சொல்லும்மா"ன்னேன். கொஞ்ச நேரம் தயங்கினாங்க. "மூணு மாசமா சம்பளம் வரல சார். கல்விக் கடன் தவணை கட்டணும்."

இதுல வெட்கப்பட என்ன இருக்கு? சம்பளத்துக்காக மாறுறதைப் பாவம் மாதிரி மறைக்க வேண்டியதில்ல. திட்டாம, நடந்ததை ரெண்டு வரியில சொன்னா போதும். நோட்டீஸ் காலத்தை மட்டும் முடிச்சிட்டு, அனுபவச் சான்றிதழைக் கையில வாங்கிட்டு வாங்க.

"எங்களைக் கேக்க ஏதாவது இருக்கா?"ன்னேன்.

"இங்க சம்பளம் எந்தத் தேதி சார்?"

"அஞ்சாம் தேதிக்குள்ள."

அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க.