மண்ணாய்ப் போன சர்க்கரை

காசிமேட்டு வீட்டு மொட்டை மாடியில் நான்கு வருடமாகப் படர்ந்திருக்கிறது அந்தச் சிறுகுறிஞ்சான் கொடி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அந்த வீட்டுக்காரர். வயது 64. தினமும் சாப்பாட்டுக்கு முன் இரண்டு இலையை மென்றுவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போடுவார். இனிக்காது. "பாத்தியா, சர்க்கரையைக் கொன்னுடுச்சு!" என்று பேரனிடம் காட்டுவதில் அலாதி சந்தோஷம்.

இலை கொன்றது ருசியைத்தான். அதிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அரை மணி நேரத்துக்காவது இனிப்பு தெரியாது. விழுங்கிய சர்க்கரை என்னவோ சர்க்கரையாகத்தான் உள்ளே போகும்.

அன்று காலை கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போனார். வஞ்சிரத்துக்குப் பேரம் நீண்டது. திரும்பி வந்து, பழக்கதோஷத்தில் முதலில் இலையை மென்றார். இட்லித் தட்டு வருவதற்குள் கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது.

"இன்னாய்யா, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்று பதறிய மனைவி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினார்.

"மண்ணைக் கரைச்சுக் குடுக்கிறியா?" என்று டம்ளரைத் தள்ளினார் அவர்.

நல்லவேளை, அந்தம்மா விடவில்லை. அதட்டிக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

டாக்டர் இலையைத் திட்டவில்லை. மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. அந்த நேரத்தில் வயிறு காலியாக இருந்ததுதான் முதல் தப்பு. சிறுகுறிஞ்சானும் இன்சுலின் சுரப்பைக் கூட்டலாம், குடல் சர்க்கரையை உறிஞ்சுவதைக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் அபாயம் உண்டு.

சென்னை ஆராய்ச்சியாளர்களே 1990-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 22 சர்க்கரை நோயாளிகளுக்கு, வழக்கமான மாத்திரையோடு இந்த இலைச்சாற்றில் தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதங்கள். ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் 22 பேர் என்பது ஒரு மினி பஸ் கூட்டம்! தவிர, அது அளந்து கொடுத்த சாறு. தொட்டிச் செடியின் இரண்டு இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யார் அளப்பது?

செடி மருந்தாகவே ஆகாதா என்றால், ஆகும். பலரும் விழுங்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். அதிலிருந்த பொருள் நச்சுத்தன்மை கொண்டது. அதன் சாயலில் ஆய்வகத்தில் உருவான மெட்ஃபார்மினை, 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்துக் கொட்டுவதை அது குறைக்கிறது.

இப்போது அந்த வீட்டில் மாத்திரைக்கும் இட்லிக்கும் நடுவே மீன் மார்க்கெட் கிடையாது. இலைக்கும் டாக்டர் தடை போட்டுவிட்டார். பேரன் மட்டும் சில நாள் ரகசியமாக ஒன்றைப் பறித்து மென்று, சாக்லேட்டைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான்.