பனிமலையில் தங்கச்சியின் பலகை

சுவிற்சர்லாந்தின் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1560 மீற்றர் உயரத்தில் இருக்கிறது டாவோஸ். லாண்ட்குவார்ட் சந்தியில் சிவப்புப் புகையிரதம் ஏறினால், மலையைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டு போய்விடும். தங்கச்சி அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். 1995 இடப்பெயர்வில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு போனவள். இப்போது பேத்திக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளை பனியில் மீன் போல வழுக்கிப் போகிறது. இவள் கீழே நின்று குளிரில் கை தேய்ப்பாள்.

இரண்டு பனிக்காலமாக இவளும் பழகினாள். யாரோ தந்த பழைய பலகைகள். இவளுடைய உயரத்தை விட நீளம். திருப்ப முடியாமல் விழுந்து முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். சும்மா கிடைத்ததை அளவு பாராமல் போட்டுக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன விடயம். முகாமில் எத்தனை சோடிச் செருப்பு அப்படிப் போட்டோம்!

இம்முறை வாடகைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் பலகையைக் காட்டவே இல்லை. முதலில் சப்பாத்துத்தான். குதிக்கால் உள்ளே எழும்பக்கூடாதாம். பிறகுதான் பலகை. முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். ஓரத்தில் உருக்கு விளிம்பு. பலகையைச் சரித்துப் பாரத்தைக் கொடுத்தால் அது வளைந்து, தன் வளைவிலேயே திரும்பும். முந்தைய பலகைகள் ஏறக்குறைய நேரானவை. 1993இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இந்த இடையொடுங்கிய வகையைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆட்களுக்கும் இப்படித் திரும்புவது இலகுவானது.

இரவில் இயந்திரம் வாரிச் சமப்படுத்திய சரிவுக்கு நடு ஒடுங்கியது நல்லது. 70 மில்லிமீற்றர் அளவு இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மற்றதற்கு விரைவாக மாறலாம். புதைபனிக்குத்தான் அகலம் வேண்டும். 155 சென்ரிமீற்றர் உயரமான தங்கச்சிக்கு 140 கொடுத்தாள். நிமிர்த்தி வைத்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நின்றது. வளைவின் ஆரம் 11 மீற்றர். சிறிய ஆரம் என்றால் குறுகிய வட்டத்தில் திரும்பும்.

அடுத்து எடை, வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்டாள். சப்பாத்தைப் பலகையோடு பிடித்திருக்கும் பிடியை, சப்பாத்தின் அடி நீளத்தையும் சேர்த்து, அதன்படிதான் இறுக்குவார்கள். விழும்போது அது கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால் முழங்கால் போய்விடும். ஐம்பது வயதைத் தாண்டினால் இன்னும் சற்றுத் தளர்த்துவார்கள். தங்கச்சி ஐந்து கிலோவைக் குறைத்துச் சொன்னாள்.

"உண்மையைச் சொல்லடி. குறைச்சுச் சொன்னா நடுவழியிலை கழண்டிடும்."

"சரி அக்கா, அறுபத்தெட்டு எண்டு எழுதட்டும்!"

பயிற்சி இடம் போல்கன். கம்பியில் தொங்கும் கம்பைப் பிடித்து மேலே போகும் இழுவை, 1934இலேயே இங்கே ஓடத் தொடங்கியது. காலையில் சரிவு சீப்பால் வாரிய தலைபோல வரிவரியாக இருந்தது. பின்னேரம் ஆட்கள் ஓடியோடிக் கும்பி கும்பியாகிவிடும். ஆகவே பழகுபவர்களுக்குக் காலைதான் வசதி.

மூன்றாவது முறை இறங்கும்போது அவளுக்குப் பின்னால் இரண்டு மெல்லிய கோடுகள் வளைந்து கிடந்தன. நாலாவது முறை விழுந்தாள். 'டக்' என்று ஒரு பலகை கழன்றது. முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பேத்தி பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"அக்கா, இது என்ர சொல்லுக் கேக்குது. நாளைக்கும் இதையே எடுப்பம்."