தாத்தாவோட கரி, என்னோட கிராஃபைட்

"உன் ப்ராஜெக்ட் என்ன?"ன்னு ரிவ்யூவுல கேட்டா மூச்சு விடாம இங்கிலீஷ்ல ஒப்பிச்சிடுவேன். பொங்கல் லீவுல பாப்பாரப்பட்டி போயிருந்தப்போ, கொல்லுப்பட்டறையில வச்சு தாத்தா அதையே கேட்டார். வார்த்தையே வரல. பன்னெண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

எஸ்.ஆர்.ஈ.-1ல இருந்து ஆரம்பிச்சேன். 2007 ஜனவரி 10 அன்னிக்கு இஸ்ரோ பி.எஸ்.எல்.வி. சி7ல அனுப்பின கலம் அது. சுமார் 550 கிலோ. 12 நாள் பூமியைச் சுத்திட்டு, 22-ம் தேதி வங்காள விரிகுடாவுல பத்திரமா இறங்குச்சு. வளிமண்டலத்துக்குள்ள நுழையும்போது நொடிக்கு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் வேகம். முன்னாடி நசுங்குற காத்து பல ஆயிரம் டிகிரி கொதிக்கும். அதைத் தாங்கத்தான் மூக்குல கார்பன் கவசம்.

"கரிதானே? எரிஞ்சிடாதா?"ன்னார்.

எரியும். அதுதான் என் ப்ராஜெக்டே. உலையில துருத்தி ஊதுற ஆக்சிஜன் ரெண்டு ரெண்டு அணுவா கைகோத்துட்டு வரும். கரியோட சேரணும்னா முதல்ல அந்தக் கை விடணும். அங்க மேல, சூட்டுலயே கை விட்டுப் போய், தனித்தனி அணுவாத்தான் வந்து மோதும். மோதின இடத்துல ஒரு கார்பனைப் பிடுங்கிட்டு கார்பன் மோனாக்சைடா பறந்துடும். கவசம் தேய்ஞ்சுட்டே போகும்.

"அப்ப சூடு ஏற ஏற இன்னும் வேகமா தேயுமா?"

"ஆமா"ன்னு சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா அது தப்பு. சுமார் 1200 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏறும். அதுக்கு மேல ஒவ்வொரு மோதலுக்கும் பிடுங்குறது குறைய ஆரம்பிக்கும். அவ்வளவு சூட்டுல ஆக்சிஜன் அணு பரப்புல தங்குறதே இல்ல, வேலையை முடிக்கிறதுக்குள்ள எகிறிடும். பேப்பர்ல படிச்சிருக்கேன், ஹைலைட் கூட பண்ணி வச்சிருக்கேன். ஆனா என் கோடுல? ஒரே அர்ஹீனியஸ் சமன்பாடு, மேல மேல ஏறிக்கிட்டே போகுது. மூணு மாச கிராஃப் எல்லாம் அதுல வந்ததுதான்!

தாத்தாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "பழுத்த இரும்புல தண்ணி தெளிச்சா ஒட்டாம உருண்டு ஓடுமே, அந்த மாதிரியா?"ன்னார். அது வேற இயற்பியல் (அங்க நீராவி தூக்கிப் பிடிக்குது), ஆனா "ஒட்டாம"ங்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அவ்வளவு நேரமா தேடிட்டு இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரியே கோடைத் திறந்தேன். அடுத்த ரிவ்யூவுக்கு ஒன்பது நாள்தான். பழைய கிராஃப் எல்லாத்தையும் தூக்கிட்டேன், கைடுகிட்ட இன்னும் சொல்லல.