அலுவிகாரையும் அடுக்களைத் துணியும்

கண்டியிலிருந்து அக்குறணையைக் கடந்து வடக்கே இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு சென்றால் மாத்தளை நகர் எதிர்ப்படும். அதனை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சுதுகங்கை என்று பெயர். ‘சுது’ என்றால் சிங்களத்தில் வெள்ளை. சென்ற விடுமுறையில் நாம் அங்கே போனது வெளுப்பை ஆராய்வதற்கன்று. முத்துமாரியம்மனைத் தரிசித்து, நண்பர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கி வருவதற்கே. ஆயினும் திரும்பும்போது எம் நெஞ்சில் நின்றது துணிதான்.

நகருக்கு வடக்கே மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. பெரும் பாறைகளின் இடுக்கிலே அமைந்த குகை விகாரம் அது. வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பர். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து எளிதில் தெரிவதில்லை. மையைப் பூசித் துடைத்த பின்னரே கீறலில் மை தங்கி எழுத்துத் தோன்றும்.

அவ்வேடுகளுள் ஒன்றாகிய விநயபிடகத்திலே சுவையான கதை ஒன்றுண்டு. நம் பெருங்கதையின் நாயகனாகிய அதே உதயணனின் தேவியர் ஆனந்த தேரருக்கு 500 மேலாடைகளை வழங்கினர். “இத்தனையும் எதற்கு? துணிக்கடை வைக்கப் போகிறாரோ?” என்று மன்னன் ஐயுற்றான். ஆனந்தர் விடை கூறினார். ஆடை கிழிந்த பிக்குகளுக்கு இவை பகிரப்படும். அவர்களுடைய பழைய ஆடை படுக்கை விரிப்பாகும், அது நைந்தால் மெத்தை உறையாகும், பின்னர் தரைவிரிப்பு, பின்னர் கால்மிதி, பின்னர் தூசி துடைக்கும் துணி. அதுவும் கந்தலானால் சேற்றோடு பிசைந்து தரை மெழுகப்படும். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகளைக் கொடுத்தான்.

இக்கதையை நண்பருக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்த எம் பையில், ஒருமுறை துடைத்து எறியும் ஈரத்தாள் பொட்டலம் இருந்தது! பார்ப்பதற்குக் கடதாசி போன்ற இத்தாள்கள் பலவற்றில் நெகிழி நார் கலந்திருக்கிறது. எறிந்தால் மக்காது.

மறுநாள் றத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் நண்பரின் உறவினரைக் காணச் சென்றோம். லயத்தின் முன்னே கொடியில், பழைய நூற்சேலையைக் கிழித்த குழந்தைத் துணிகள் வெயிலில் காய்ந்தன. சுடுசட்டி பிடிக்கும் துணி, தட்டுத் துடைக்கும் துணி, தரைத் துணி எல்லாம் தனித்தனிக் கொடியில். ஆனந்தரே இங்கு வந்து குடியிருக்கிறார் போலும் என்று வியந்து, அவ்வீட்டுப் பாட்டியைப் பாராட்டினோம்.

“துணி நல்லதுதாங்க ஐயா. ஆனா பீலிக்குப் போயி தோய்க்கிறது யாரு? கொழுந்து பறிச்சிட்டு வந்த பொண்ணுதானே?” என்றார் அவர்.

எமக்கு விடை வரவில்லை. பகலெல்லாம் மலைச்சரிவில் கூடை சுமந்த மருமகள், அந்தியில் வாளியோடு பீலிக்கரை போவதை அப்போதுதான் கண்டோம். துணியைச் சிக்கனம் என்று புகழ்கிறவர்கள், எம்மைப் போன்ற ஆண்களே பெரும்பாலும், அவ்வாளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிக்குகளோ தம் ஆடையைத் தாமே தோய்ப்பவர்கள். கதை சொன்னபோது அதை நாம் மறந்தே போனோம்.

இப்போது எம் இல்லத்தில் அடுக்களைத் துணி தோய்ப்பது எமது பங்கு. எண்ணெய்த் துணிக்கு வெந்நீரும் சவுக்காரமும் வேண்டும். பால் பட்ட துணியை முதலில் குளிர்நீரில் அலசவேண்டும். ஈரத்துணியைக் குவித்து வைத்தால் கிருமி பெருகும், ஆகவே அன்றன்றே வெயில் காட்டவேண்டும். இவையெல்லாம் நாற்பது வயதுக்கு மேல் நாம் கற்ற பாடங்கள். முதல் ஞாயிறன்று முகம் துடைக்கும் துவாயையும் தரைத் துணியையும் ஒரே வாளியில் ஊறவைத்துவிட்டோம். மனைவியார் ஒன்றும் கூறவில்லை. இன்னொரு வாளியைக் கொண்டுவந்து அருகில் வைத்துவிட்டு உள்ளே சென்றார்.