பாட்டியின் கும்பா

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா கடைத்தெருவில் ஸ்ட்ராபெரி பொம்மைகளுக்கும் தேயிலைப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் கிண்ணம் உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு மரக்கட்டை, ஒரு குட்டி மெத்தை. "பாடும் கிண்ணம், மனசு அடங்கும்" என்றார் கடைக்கார அம்மா. தூக்கம், முதுகுவலி என்று அவர் பட்டியலை நீட்டுவதற்குள் காசைக் கொடுத்துவிட்டேன். வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அதைத் தட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது: "ஏன்டா, விளக்கு வைக்கிற நேரத்துல சேகண்டி அடிக்கிற? யாரு போயிட்டா?"

நம் காதுக்கு அந்த ஓசை என்றால் ஒன்று கோயில், இல்லை சாவு. அம்மா பிறந்த தோட்ட லயத்தில் இன்னொன்றும் உண்டு: விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, அடிக்கும் மணி. இந்த மலையில் 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே நம் ஆட்களின் காலைப்பொழுது இப்படி ஏதோ ஒரு மணிக்குள்தான் அடங்கியிருந்தது. குளிரில் கம்பளியை உதறி எழுப்பிய சத்தத்தில் அமைதி இருக்கிறது என்றால் அம்மா எப்படி நம்புவார்?

கிண்ணத்தோடு வந்த அட்டையில் 'திபெத்தியத் துறவிகளின் தொன்மையான கருவி' என்று போட்டிருந்தது. அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இந்தக் கிண்ண இசை மேற்கு நாடுகளில் பரவியதற்கு 1972-இல் வந்த 'திபெத்தன் பெல்ஸ்' இசைத்தட்டு ஒரு முக்கியக் காரணம். தோட்டத்தில் கொழுந்து வெட்டும் நேபாளி ஒருவரிடம் கிண்ணத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "மாக்கான்" என்று கையை வாய்க்குக் கொண்டுபோனார். அவர் பாட்டி வீட்டில் இதில்தான் சோறாம்.

அதைக் கேட்டதும் அம்மா பரணில் கை விட்டார். சேலத்திலிருந்து கப்பலேறி வந்த பாட்டியின் வெண்கலக் கும்பா, பழைய துணியில் சுற்றியபடி இருந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல். அம்மா விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். கடைக் கிண்ணம் எங்கே, இது எங்கே! ஓசை எழுந்து, அலை அலையாக நடுங்கி, போக மனமில்லாமல் போனது.

நல்ல ஓசை வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் இவ்வளவு கூடினால் ஆறிய உலோகத்தைச் சம்மட்டியால் அடிக்க முடியாது, விரிசல் விட்டுவிடும். பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு அடித்து, தண்ணீரில் தோய்க்க வேண்டும். நீலகிரியின் பழைய புதைகுழிகளிலும் ஆதிச்சநல்லூரிலும் இத்தகைய பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. கையால் அடித்தது அச்சு வட்டமாக இராது. அதனால் ஏறக்குறைய ஒத்த இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலித்து ஒன்றையொன்று உரசுகின்றன. அந்த நடுக்கம் அதுதான்.

கிண்ண ஓசையைக் கேட்ட 62 பேருக்கு மன இறுக்கம் குறைந்ததாக அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. கிண்ணமே இல்லாமல் சும்மா படுத்திருந்தவர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தால் யாருக்குத்தான் இறுக்கம் குறையாது?

ஆனாலும் நான் தட்டுகிறேன். விளக்கு வைத்த பிறகு, அம்மாவின் அனுமதியோடு, கும்பாவை மூன்று முறை. ஓசை எங்கே முடிகிறது என்று காதால் துரத்திப் பார்க்கிறேன். இதோ முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு நூலிழை மிச்சம் இருக்கும். அதுவும் அறுந்த பிறகு தகரக் கூரையில் நீர் சொட்டுவது கேட்கும், பள்ளத்தில் தவளை, அடுப்படியில் அம்மா தேத்தண்ணி ஆற்றும் சத்தம். இவையெல்லாம் முன்பே இருந்தவைதான். நான்தான் வீட்டில் இல்லை.

கடையில் வாங்கிய கிண்ணம் வீணாகவில்லை. அம்மா அதில் வெற்றிலைக் காம்பு கிள்ளிப் போடுகிறார்.