வைஃபைக்குப் பூட்டு போட்ட கதை

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. "என்னடா, ஆளையே காணோம்?" என்று விசாரித்த ரெண்டு பேருக்கும் (ஆமாம், ரெண்டே பேர்தான்) நன்றி. இந்த லீவில் நான் ஒரு பாதுகாப்பு நடவடிக்கை எடுத்தேன். அதனால் எதிர் வீட்டோடு மூன்று நாள் பேச்சு நின்றுபோனது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

போன செமஸ்டரில் எங்களுக்கு நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பர். பாதி தெரிந்தவன் கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் வீட்டில் நன்றாக ஓடுகிற மிக்ஸியைக் கழற்றுவான். எங்கள் வீட்டில் மிக்ஸி தப்பித்தது, ரவுட்டர் மாட்டிக்கொண்டது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே ஒரு வெள்ளை டப்பா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதற்குள் நுழையும் பாஸ்வேர்டு, நீங்கள் நினைத்ததேதான், "அட்மின்". உள்ளே இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது. எங்கள் வீட்டில் 3 போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி. ஆக மொத்தம் 5. பட்டியலில் இருந்ததோ 11.

வைஃபை பாஸ்வேர்டு என்னவென்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்பாவின் செல்போன் நம்பர். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் "சார், மறக்காத மாதிரி ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான், அப்பாவும் சொல்லிவிட்டார். அந்த நம்பர் எங்கள் எலெக்ட்ரிகல் கடை போர்டில் முக்கால் அடி உயர எழுத்தில் இருக்கிறது. என் அக்கா கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறது.

சரி, நம்பர் தெரியாத ஒருவன் வருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். வைஃபையில் ஒரு போன் சேரும்போது ரவுட்டரும் போனும் நாலு செய்திகளை மாற்றிக்கொள்ளும். அதில் பாஸ்வேர்டு அப்படியே போகாது, ஆனால் "எனக்கு பாஸ்வேர்டு தெரியும்" என்பதற்கான அத்தாட்சி போகும். தெருவில் நின்று அந்த நாலையும் பிடித்துக்கொண்டால் போதும். அப்புறம் நம் வீட்டுப் பக்கமே வரவேண்டாம், தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் செல்போன் நம்பருக்குப் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இதில் ஒன்று. அதாவது மொத்தம் 400 கோடிதான். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். கணக்கு போட்டுப் பாருங்கள், சுமார் 67 நிமிடம். ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் கதவு திறந்துவிடும்.

வைஃபையின் பூட்டுக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1997ல் முதல் தரத்தோடு வந்த பூட்டின் பெயர் வெப். 2001ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அதன் மறையாக்கத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். 2007ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிமிடத்துக்குள் உடைத்தே காட்டிவிட்டார்கள். அதற்குள் 2004லேயே டபிள்யூபிஏ2 வந்துவிட்டது. அதிலும் 2017ல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் ஒரு குறை கண்டுபிடித்தார், அதை மென்பொருள் அப்டேட் போட்டு அடைத்தார்கள். 2018ல் டபிள்யூபிஏ3 அறிமுகமானது. போட்டுப் பார்த்தே பாஸ்வேர்டைப் பிடிக்கிற மேலே சொன்ன வித்தை நடக்காதபடி அதை வடிவமைத்திருக்கிறார்கள். இத்தனை பேர் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பூட்டைச் சரிசெய்தால், நாம் சாவியைக் கடை போர்டில் எழுதி மாட்டுகிறோம்!

அன்று ராத்திரி பாஸ்வேர்டை மாற்றினேன். 20 எழுத்து. அமைப்புப் பக்கத்தின் "அட்மின்" பாஸ்வேர்டையும் மாற்றினேன். பட்டியல் 11லிருந்து 5 ஆனது. ஏதோ கார்கில் எல்லையைக் காத்தவன் மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை நாலரைக்கு எதிர் வீட்டுப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைதெறிக்கப் போவதைப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. ராத்திரி அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் கடைசி நாள் அன்று, 5 மணியோடு முடிகிறது. பாதிதான் போட்டிருந்தாளாம். அவர்கள் வீட்டுப் போனில் ரீசார்ஜ் முடிந்து நாலு நாள் ஆகிறது, வைஃபை இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து நெட் வரவில்லை. எங்கள் வீட்டில் வந்து கேட்கவும் கூச்சம். கடைசியில் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடித்திருக்கிறாள்.

அந்த வைஃபை அவர்கள் திருடியது இல்லை. 2020 ஊரடங்கில் ஆன்லைன் கிளாஸுக்கு அந்தப் பிள்ளை தவித்தபோது அப்பாவே கூப்பிட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு அது. சித்தி (எதிர் வீட்டு அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். "பிள்ளை இன்ஜினியரிங் போகப் போறான்னதும் பொறுக்கலையா?" என்று பக்கத்து வீட்டில் சொன்னது சுற்றிச்சுற்றி எங்கள் அடுப்படிக்கு வந்தது. கோலம் போடும்போது அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "ஏலே, தண்ணி எடுக்கவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம குழாயப் பூட்டிட்டு வந்து நிக்க. இதத்தான் மூணு வருஷமா படிச்சியா?"

நான் விடுவேனா? 2008 கதையை எடுத்தேன்.

அந்த வருஷம் ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது கிளம்பிய இணைய முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டின் கதவைத் தட்டியது. அவருடைய கணினிகளை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள், அவரையும் விசாரித்தார்கள். அவர் எதுவும் செய்யவில்லை. அவர் வீட்டு வைஃபை பூட்டில்லாமல் இருந்தது, வெளியாள் யாரோ அதை உபயோகித்துவிட்டார்கள். ஆகஸ்டில் இன்னொரு மின்னஞ்சல், இந்த முறை மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது, செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்து. ஒரு வீடு, ஒரு கல்லூரி, ஒரு அலுவலகம். மூன்று இடத்திலும் கதவைத் தட்டியபோது திறந்தவர்கள் அப்பாவிகள்.

2009 ஜனவரியில் மும்பைப் போலீஸ், திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போகப்போவதாக அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. இன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் சேரப் போனால் நம் செல்போன் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்புகிறார்களே, அதுவும் யார் உபயோகித்தார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

"நம்ம வீட்டுல எத்தனை போன் சேர்ந்தாலும் வெளிய போகும்போது எல்லாத்துக்கும் ஒரே முகவரிதாம்ப்பா. கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு. எவன் என்ன பண்ணினாலும் உங்க பேர்தான் போகும்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த 11ல நம்மது 5. எதிர் வீடு 2. மாடியில குடியிருக்கவர் ஒண்ணு, கடைப் பையன் ஒண்ணு. நான்தான் கொடுத்தேன். மிச்சம் ரெண்டு யாரு?"

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. இப்போதைய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் என்பதால் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை.

"அப்போ அந்த ரெண்டு பேருக்குத்தானல பூட்டு போடணும்? நீ தெரிஞ்சவனுக்கும் சேத்துல்ல போட்டுட்ட."

மூன்று வருஷமாக எந்த வாத்தியாரும் சொல்லாததை எலெக்ட்ரிகல் கடைக்காரர் சொல்லிவிட்டார். பூட்டு கஞ்சத்தனத்துக்கு இல்லை. யாரிடம் சாவி இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

அப்புறம்தான் யோசித்தேன், இதே பாடத்தை நான் காலேஜில் ஏற்கெனவே ஒரு முறை படித்திருக்கிறேன். எங்கள் ஹாஸ்டல் வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சீர்வரிசை மாதிரி கொடுத்துவிட்டுப் போவார்கள். படித்து முடித்துப் போனவர்களுக்கும் தெரியும், வாசலில் இருக்கிற டீக்கடைக்கும் தெரியும். மாற்றினால் மொத்த ஹாஸ்டலும் கத்தும் என்பதால் யாரும் மாற்றுவதில்லை. ஆனால் டிபார்ட்மென்ட் கட்டிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் பெயர், தனி பாஸ்வேர்டு. ஒருவர் வெளியேறினால் அவருடையதை மட்டும் மூடினால் போதும். நிறுவனங்களுக்கு இதுதான் சரியான முறை. எட்யுரோம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த கல்லூரியின் மாணவர், தன் கல்லூரிக் கணக்கை வைத்தே வெளிநாட்டுப் பல்கலைக்கழக வைஃபையிலும் நுழையலாம். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பிறந்தது, இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. அங்கேயும் அடிப்படை இதுதான்: ஆளுக்கொரு சாவி.

இவ்வளவு பேசுகிற நான் முதல் வருஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா? என் டிபார்ட்மென்ட் கணக்கை ரூம்மேட்டுக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் எட்டு பேரிடம் போய்விட்டது. ஒரு நாள் லேப் அசிஸ்டன்ட் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை 40 ஜிபி படம் இறக்கினது நீதானே?" என்றார். நான் அன்று ஊரில் அக்கா நிச்சயதார்த்தத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். போட்டோவைக் காட்டித்தான் தப்பித்தேன். நவி மும்பைக் கதையின் குட்டிப் பதிப்பு :-)

சரி, வீட்டுக்கு வருவோம். பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்தேன். அதில் சேர்கிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், நம் வீட்டு லேப்டாப்பையோ டிவியையோ தொட முடியாது. அதற்குத் தனி பாஸ்வேர்டு என்பதால், எப்போது வேண்டுமானாலும் வீட்டு பாஸ்வேர்டைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கெஸ்ட் வழியாகப் போனாலும் வெளியே தெரிவது அப்பாவின் கனெக்‌ஷன்தான். ஆகவே அது நம்பிக்கைக்கு மாற்று இல்லை. யாரை நம்புகிறோம் என்று தெரிந்து நம்பலாம், அவ்வளவே.

பாஸ்வேர்டுக்குச் சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தைகளை எடுத்து ஆங்கில எழுத்தில் ஒட்டினேன். 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம், நீளம்தான் பலம். வீட்டு விலாசம், பிறந்த நாள், செல் நம்பர், பாட்டு வரி எதுவும் வேண்டாம். கூடவே ரவுட்டர் மென்பொருளை அப்டேட் செய்தேன், டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் வசதியை அணைத்தேன். அதன் 8 இலக்க பின் நம்பரை அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011லேயே காட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அம்மாவும் நானும் ஒரு துண்டுச் சீட்டோடு எதிர் வீட்டுக்குப் போனோம். "தப்பு என்மேலதான் சித்தி, சொல்லாம மாத்திட்டேன்" என்றேன். சித்தி சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "என்ன தம்பி இது, குறி சொல்லுத மாதிரி இருக்கு?" என்று சிரித்துவிட்டார். காபி வந்தது.

போன வாரம் ரிசல்ட் வந்தது. அந்தப் பிள்ளைக்கு அவள் கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைத்திருக்கிறது. ஓடிவந்து சொல்லிவிட்டு, கிளம்பும்போது கேட்டாள்: "அண்ணே, ஹாஸ்டல்ல வைஃபை இருக்கும்லா?"

"இருக்கும். உன் பாஸ்வேர்ட மட்டும் யாருக்கும் கொடுத்துராத" என்றேன். பேசுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன 67 நிமிடக் கணக்கைப் பக்கத்து வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66ன்படி 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். அதைவிட, போய்க் கேட்டால் காபியோடு கொடுப்பார்கள்.