அஞ்சே செகண்ட்

சின்ன வயசுல தங்கச்சிக்கு அடிக்கடி தொண்டை வலி வரும். உப்புத்தண்ணி கொப்பளிச்சா சரியாயிடும்னு வீட்டுல விட்டுட்டோம். அப்புறம் காய்ச்சல், முட்டி வீக்கம். ருமாட்டிக் காய்ச்சல்னு தெரியறதுக்குள்ள இதய வால்வு கெட்டுப்போச்சு. தொண்டையில வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா. அதை எதிர்க்கக் கிளம்பின உடம்பு, சொந்த வால்வையே தாக்கிடுச்சாம். அன்னிலேர்ந்து மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி.

இந்தப் பாக்டீரியாவுக்கும் ஒரு எமன் உண்டுங்க. ஃபேஜ்னு ஒரு வகை வைரஸ். பாக்டீரியா மேல ஒட்டிக்கிட்டு தன் டிஎன்ஏவை உள்ளே இறக்கிடும். அடுத்தவன் சர்வர்ல நம்ம கோடு ஓடுற கதைதான். பாக்டீரியா தன் வேலையை மறந்துட்டு வைரஸாத் தயாரிச்சுத் தள்ளும். கடைசியில லைசின்ங்கற நொதி உள்ளேர்ந்தே செல்சுவரை வெட்டும். உள்ளழுத்தம் தாங்காம பாக்டீரியா பலூன் மாதிரி வெடிச்சுடும்.

2001-ல ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துல ஃபிஷெட்டி குழு, வைரஸை விட்டுட்டு அந்த நொதியை மட்டும் எடுத்து வெளியேர்ந்து போட்டுப் பார்த்தாங்க. வெறும் 10 நானோகிராம். சுமார் 1 கோடி பாக்டீரியா 5 செகண்ட்ல காலி! எலிகளோட தொண்டையிலயும் வேலை செஞ்சுது.

தங்கச்சிகிட்ட சொன்னேன். "ஊசி வலியே அதைவிட அதிக நேரம் இருக்குண்ணா, எப்போ கடைக்கு வரும்?"னு கேட்டா. இன்னும் வரலையே :-(

மக்களே, குழந்தைக்குக் காய்ச்சலோட தொண்டை வலின்னா கொப்பளிக்க வெச்சு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நாங்க காட்டலை.